கேட்டா சொல்றேன்: முயல் கத்துற மிஷினும் அவசரமே படாத பூனையும்

போன மாசம் இந்தப் பக்கத்துல, நான் தெக்கு டெக்சாஸ்ல வேலை பாத்த காலத்துல பாப்கேட்ங்கிற அந்த ஊரு காட்டுப்பூனை வேட்டைக்குப் போறவங்க கூட துணைக்குப் போன கதையை சும்மா நாலு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், வழக்கமா நாய்க்கு உண்ணி, கோழிக்கு வெள்ளைக் கழிச்சல்னு வர்ற கேள்வியெல்லாம் ஒதுங்கிப் போயி எல்லாரும் பூனையைப் பத்தியே கேக்குறீங்க. சரி, இந்த மாசம் பூனைக்கே விட்டுருவோம், உண்ணிக்காரங்க கோவிச்சுக்காம அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே, மக பிரசவத்துக்காக நானும் வீட்டுல அவங்களும் டெக்சாஸ் வந்து மூணு மாசம் ஆகுது, சான் ஆன்டோனியோவுல இருக்கோம். மாப்பிள்ளை இங்க கூட வேலை பாக்குறவரோட பண்ணைக்கு வேட்டைக்குப் போவாரு. முயல் கத்துற மாதிரி சத்தம் போடுற எலக்ட்ரானிக் கால், ரோமம் கட்டி ஆடுற டீகாய்ங்கிற பொய் எரை எல்லாம் நல்ல காசு போட்டு வாங்கியிருக்காரு. அஞ்சு தடவை போயாச்சு, நானும் ரெண்டு தடவை கூடப் போயி உக்காந்தேன். ஓநாய்க்குச் சொந்தமான கொயோட்டி வருது, சாம்பல் நரி வருது, பாப்கேட் மட்டும் தலையே காட்ட மாட்டேங்குது. மிஷின் சரியில்லைன்னு திருப்பி அனுப்பப் போறாரு. தப்பு மிஷின்லயா எங்ககிட்டயா? (காரைக்குடி வாசகர், இப்போ டெக்சாஸ்ல)

பதில்: மொதல்ல அந்த 'கால்'ங்கிற வார்த்தையை விட்டுருவோம் அண்ணே, எங்க வீட்டுல படிச்சுட்டு யாருக்குக் கால்ல அடின்னு கேக்குறாங்க. கூப்பிடு மிஷின்னே வச்சுக்குவோம்.

திருப்பி அனுப்ப விடாதீங்க. கொயோட்டியும் நரியும் வந்துருச்சுல்ல, அப்போ சத்தம் சரியாத்தான் போகுது. நான் ஒண்ணே ஒண்ணு திருப்பிக் கேக்குறேன், ஒரு எடத்துல எவ்வளவு நேரம் உக்காந்தீங்க? 15 நிமிஷம், மிஞ்சிப் போனா 20, அதுக்குள்ள "இங்க ஒண்ணும் இல்ல மாமா, அடுத்த எடம் பாப்போம்"னு மாப்பிள்ளை எந்திரிச்சிருப்பாரு. கொயோட்டிக்கு அந்த நேரம் போதும், அது பந்திக்கு முந்துற ஆளு, முயல் கத்துனா எலை போட்டாச்சுன்னு ஓடியாந்துரும். பூனை அப்படிக் கெடையாது. அதுக்கு சத்தம் காதுல விழுந்தவொடனே செய்யுற மொத வேலை என்னன்னா உக்காருறது. உக்காந்து கேக்கும், பத்தடி நடக்கும், திரும்ப ஒரு புதருக்குக் கீழ உக்காரும், அங்கிட்டு ஒரு எலி ஓடுனா அதை வேடிக்கை பாக்கும், அப்புறம்தான் நம்ம முயல் ஞாபகமே வரும். அதனால பாப்கேட்டுக்குன்னு உக்காந்தா 45 நிமிஷம், முடிஞ்சா ஒரு மணி நேரம். பாதி தடவை பூனை வந்து நம்மளைப் பாத்துட்டுத்தான் போயிருக்கும், நாம மூட்டை கட்டுறப்போ அது பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிஞ்சுச்சு. அந்த ஊர்ல புதருக்கு நடுவுல வண்டி போக நேரா வெட்டி விட்ட பாதையை சென்டேரோம்பாங்க. ரெண்டு பக்கமும் மெஸ்கீட் மரம், நம்ம கண்மாயைக் கெடுத்து வச்சிருக்குற சீமைக்கருவேலத்துக்கு அது பங்காளிதான், குத்துனா கடுப்பும் அதே கடுப்பு. கூட வந்தவர் ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்தாரு, நான் பக்கத்து மரத்துல. துப்பாக்கி அவர்கிட்ட, மிஷினோட ரிமோட் மட்டும் என் கையில. அரை மணி நேரம் ஒண்ணுமே இல்ல. எனக்குக் கால் மரத்துப் போச்சு, இவரு எப்போ எந்திரிப்பாருன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன். அப்போ சென்டேரோ ஓரத்துல, காஞ்ச புல்லுக்கு நடுவுல, சின்னதா ரெண்டு வெள்ளைப் புள்ளி. ஏதோ காட்டுக்காய்னு நெனச்சேன். அந்தப் புள்ளி ரெண்டும் ஒரு தடவை திரும்புச்சு. பாப்கேட்டுக்குக் காது பின்பக்கம் கருப்பு, நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு, அதைத்தான் நான் பாத்திருக்கேன், மத்த ஒடம்பு பூராவும் புல்லோட புல்லா கெடக்கு. எப்போ வந்துச்சு, எந்த வழியா வந்துச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தரும் பாக்கல. மீன் கழுவுறவங்க பக்கத்துல வீட்டுப் பூனை உக்காந்திருக்குமே, முன்னங்கால் ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு, அதே உக்காரு. டீகாய்ல ஆடுற ரோமத்தையே பாக்குது, வாலு நுனி மட்டும் துடிக்குது. நான் பொறுமையா இருந்திருக்கணும், கழுத்துல கொசு கடிச்சிருச்சு, கை தன்னால மேல போயிருச்சு. அது ஓடக்கூட இல்ல அண்ணே, இருந்த எடத்துல இல்லாமப் போயிருச்சு, அவ்வளவுதான். கூட வந்தவர் வண்டி ஏறுற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

இனி மாப்பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியது. மிஷினைக் காலடியில வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, 30, 40 கஜம் தள்ளி வைக்கணும், சத்தம் வர்ற எடத்தைத்தானே பூனை மொறச்சுப் பாக்கும், அந்தப் பார்வை நம்ம மேல விழக் கூடாதுல்ல. டீகாயும் மிஷின் பக்கத்துலயே இருக்கணும், புதருக்குள்ள மறச்சு வச்சுட்டா அதை வாங்குனதே தண்டம். சத்தத்தைச் சின்னதா ஆரம்பிங்க, பக்கத்துப் புதர்லயே படுத்திருந்துச்சுன்னா திடீர்னு அலறுனதுல பயந்து ஓடிரும். ஆனா ஆரம்பிச்சா நிறுத்தாதீங்க, இதுதான் கொயோட்டிக்காரங்களுக்கு ஒத்துக்காத விஷயம். கொயோட்டிக்கு விட்டு விட்டுப் போட்டாலும் அது எடத்தைக் குறிச்சுக்கிட்டு வந்துரும், பூனைக்கு சத்தம் நின்னா ஆர்வமும் நின்னுரும், அது பாட்டுக்கு அங்கேயே படுத்து முதுகை நக்க ஆரம்பிச்சிரும். முயல் கத்துறது ஒத்து வரலைன்னா காயம்பட்ட குருவி சத்தம், எலி கீச்சுடுற சத்தம் மாத்திப் பாருங்க, சில பூனைக்குக் குருவிச் சத்தம்தான் புடிக்குது.

காத்து விஷயம். கொயோட்டி மூக்கை நம்புற ஜாதி, சுத்தி வளச்சு காத்துக்குக் கீழ வந்து மோந்து பாத்துட்டுத்தான் கிட்ட வரும். பூனை கண்ணையும் காதையும்தான் நம்பும். அதுக்காக முதுகுல காத்து அடிக்க உக்காராதீங்க, எதுக்கும் மூஞ்சியில படுற மாதிரியே உக்காருங்க. ஆனா காத்தைவிட முக்கியம் அசையாம இருக்குறது. கை, மூஞ்சி எல்லாம் மூடணும், தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் திருப்பணும், முழுப் பூனையைத் தேடாதீங்க, ஒரு காது, ஒரு பொட்டு, ஒரு வாலு நுனி, அப்படித் துண்டு துண்டாத்தான் தெரியும். பொட்டல்ல உக்காராதீங்க, ஓடைக்கரை, அடர்ந்த புதரு ஓரம், இந்த மாதிரி எடம் பாருங்க, மறைவு இல்லாத எடத்துல பூனை குறுக்க நடக்காது.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, நீங்க கேக்கல, ஆனா கேட்டதைவிட பெருசு. சான் ஆன்டோனியோவுக்கு ரொம்பத் தெக்க, கடலோரத்துப் பக்கம் போயி வேட்டையாடுறாங்கன்னா அங்க ஓசலாட்னு இன்னொரு பூனை இருக்கு. அமெரிக்கா முழுக்க சேத்தாலும் நூத்துக்கும் கம்மியாத்தான் மிச்சம் இருக்கு, அதுக்குக் கடுமையான பாதுகாப்பு. அதுவும் இதே முயல் சத்தத்துக்கு வரும். வாலைப் பாருங்க: பாப்கேட்டுக்கு வெட்டி விட்ட மாதிரி குட்டை வாலு, ஓசலாட்டுக்கு நீட்டு வாலு. வாலு தெரியலைன்னா விரல் விசைக்குப் போகவே கூடாது.

அடுத்தது உங்களுக்கு. நீங்க விசிட்டர் விசாவுல போயிருக்கீங்க, மாப்பிள்ளை எச்1பிங்கிற வேலை விசாவுல இருந்தா அவருக்கும் இது பொருந்தும். அமெரிக்க மத்திய சட்டப்படி இந்த மாதிரி தற்காலிக விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கவே கூடாது, அதுக்கு இருக்குற ஒரு சில விதிவிலக்குல ஒண்ணுதான் செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ். டெக்சாஸ்ல பாப்கேட்டுக்கு சீசன் கட்டுப்பாடு கெடையாது, எண்ணிக்கைக் கணக்கும் கெடையாது, ஆனா லைசென்சும் நெலத்துக்காரர் சம்மதமும் வேணும். "சும்மா ஒரு நிமிஷம் புடிங்க மாமா, போட்டோ எடுக்குறேன்"னு துப்பாக்கியை நீட்டுவாரு, லைசென்ஸ் இல்லைன்னா அந்தப் பக்கமே கையை நீட்டாதீங்க, ரிமோட்டைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. கொசு கடிச்சாலும் கையைத் தூக்காதீங்க.

கேள்வி: பாப்கேட்டும் நம்ம ஊரு வெருகும் ஒண்ணா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: இல்ல. பாப்கேட்டு லிங்க்ஸ் வகை, தெக்கு கனடாவுல இருந்து மெக்சிகோ வரைக்கும் இருக்கு. ஆம்பளைப் பூனை சராசரியா 9, 10 கிலோ, பொட்டை 6, 7 கிலோ. நம்ம வெருகு வீட்டுப் பூனைக்குச் சொந்தம், காலு நீளம், ஒடம்புல பெருசா புள்ளி கெடையாது, வாலு பாப்கேட்டைவிட நீளம். காது நுனியில முடி ரெண்டுக்கும் உண்டு, அதைப் பாத்துட்டுத்தான் நெறைய பேரு ஒண்ணுன்னு நெனைக்குறாங்க. நாணல் அடர்ந்த கண்மாய் ஓரத்துல விடியக்காலம் நடந்து போனா வெருகைப் பாக்கலாம், கோழிக் கூட்டுல வந்து நிக்குறப்போ மட்டும் பாக்காதீங்க.

கேள்வி: டீகாய்னா என்ன ஐயா, அதுக்குத் தமிழ்ல வார்த்தை இருக்கா, பேட்டரி போட்டதுதான் வேணுமா? (குன்றக்குடி வாசகர்)

பதில்: வார்த்தையெல்லாம் பழைய வார்த்தையே இருக்கு தம்பி, 'பார்வை'. பழக்கின மிருகத்தைக் கட்டிப் போட்டு காட்டு மிருகத்தை வரவைக்குறதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு. பெரும்பாணாற்றுப்படையில எயினர்ங்கிற வேடர் குடிசை முன்னாடி விளாமரத்துல பார்வை மானைக் கட்டிப் போட்டு, கட்டிக் கட்டி மரத்தோட அடிப்பட்டையே தேஞ்சு போயிருந்துச்சுன்னு வருது. பாருங்க, அந்த வரியில வேட்டையைச் சொல்லல, தேஞ்ச பட்டையைச் சொல்லியிருக்கான், எத்தனை வருஷமா அந்த மரத்துல கட்டியிருப்பாங்கன்னு நமக்கே தெரிஞ்சு போகுது.

இப்போ விக்குற டீகாய் வேற மாதிரி. கீழ ஒரு டப்பாவுல மோட்டாரு, அதுல இருந்து மெல்லிசா ஒரு கம்பி, கம்பி நுனியில ஒரு புடி ரோமம், ஆன் பண்ணுனா கண்டபடி துள்ளும். முயல் மாதிரியெல்லாம் இருக்காது, இருக்கவும் வேணாம், பூனைக்கு உருவம் முக்கியமில்ல, அசைவுதான் முக்கியம். வேலிக்கம்பியில நூலு கட்டி ஒத்தை இறகைத் தொங்க விட்டே பூனையை வரவச்ச கெழவர் ஒருத்தரைப் பாத்திருக்கேன், காத்து இருந்தாப் போதும், பேட்டரி தேவையில்ல. மோட்டாரு வச்சதுல ஒரு தொல்லை, கர்ர்ருனு அதுவே சத்தம் போடும், கூப்பிடு மிஷின் சத்தத்துல அது அமுங்கணும். இன்னொரு தொல்லை ஆந்தை. பொழுது சாயுற நேரம் கொம்பு ஆந்தை ஒண்ணு சத்தமே இல்லாம எறங்கி ரோமத்தை அடிச்சுத் தூக்கிட்டுப் போயிருச்சு, கம்பி வளஞ்சு போச்சு, எங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சு அடங்க பத்து நிமிஷம் ஆச்சு. ஆந்தையை அங்க யாரும் தொடக் கூடாது, அது சட்டம், அதனால ரோமத்தோட போச்சு.

கேள்வி: அண்ணே, போன்ல கௌதாரி சத்தம் டவுன்லோடு பண்ணி புளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா கௌதாரி ஓடி வருது. துப்பாக்கி எல்லாம் இல்ல, நாலு கண்ணி மட்டும்தான். அமெரிக்காவுல மிஷின் வச்சு செய்யலாம்னா நாம செஞ்சா என்ன? (திருப்பத்தூர் பக்கம், பேரு போட வேணாம்னு சொன்னவர்)

பதில்: பேரு போட வேணாம்னு நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு.

அங்க செய்யலாங்குறதே முழுசா சரி இல்ல தம்பி. அதே மிஷின்ல வாத்துச் சத்தம் போட்டு வாத்து சுட்டா அங்கயும் பொதுவாக் குத்தம்தான், வலசை போற பறவைக்கு ரெக்கார்டு பண்ணுன சத்தம் போடக் கூடாதுன்னு அவங்க மத்திய விதியே இருக்கு. கொயோட்டி, பாப்கேட்டு மாதிரி சிலதுக்குத்தான் பல மாநிலத்துல விட்டு வச்சிருக்காங்க. இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறது மட்டும் இல்ல, பொறி வைக்குறது, கண்ணி வைக்குறது, விரட்டுறது, எரை காட்டி இழுக்குறது, இதுல எதுக்காச்சும் முயற்சி பண்ணுறது கூட வேட்டைதான். கண்ணியில கௌதாரி விழலைன்னாலும் நீங்க மாட்டுவீங்க. 3 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம், அபராதம் 2022 திருத்தத்துக்கு முன்னாடி 25,000 வரைக்கும் இருந்துச்சு, இப்போ 1 லட்சம் வரைக்கும். அந்தச் சட்டத்துல ரொம்பப் பாதுகாப்பு குடுத்திருக்குற அட்டவணை ஒண்ணுல இருக்குற உயிருன்னா 3 வருஷத்துக்குக் கொறையவே கொறையாது, 7 வரைக்கும் போகும்.

அந்த கௌதாரி ஏன் ஓடி வருதுன்னு தெரியுமா, வேற ஆம்பளை தன் எடத்துக்குள்ள வந்துருச்சுன்னு சண்டைக்கு வருது. குஞ்சு, முட்டை எல்லாத்தையும் விட்டுட்டு வருது. உங்க ஊருக்குப் பக்கத்துலயே வேட்டங்குடி சரணாலயம் இருக்கு, 1977லயே அறிவிச்சது, கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் ஜனங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடுறது இல்ல. பச்சப் புள்ளைக கூட மத்தாப்போட நிறுத்திக்குதுக. நீங்க அதே பக்கத்துல ஸ்பீக்கர் தூக்கிக்கிட்டு அலையுறீங்க. அந்த ஸ்பீக்கர்ல பாட்டுக் கேளுங்க தம்பி.

கேள்வி: திங்காத மிருகத்தை எதுக்குச் சுடணும்? நீங்களும் கூடப் போயிருக்கீங்களே, பாவமா இல்லையா? (தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி)

பதில்: ஆச்சி, கோவமா எழுதியிருக்கீங்க, சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் தோலுக்குத்தான் சுடுறாங்க, குளிர் காலத்துல ரோமம் அடர்த்தியா இருக்கும், அதனாலதான் டிசம்பர், ஜனவரின்னு அலையுறது. அந்தத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா சைட்டிஸ்னு உலக நாடுகள் ஒப்பந்தப்படி ஒவ்வொரு தோலுக்கும் டேக் கட்டணும். ஆட்டுக்குட்டியைத் தூக்குதுன்னு சொல்லுற பண்ணைக்காரங்களும் உண்டு, ஆனா அது திங்கிறது முக்காவாசி முயலும் எலியும்தான். அங்கயே இதுல ஒரே கருத்து இல்ல, கலிபோர்னியாவுல 2020ல இருந்து பாப்கேட் வேட்டைக்குத் தடை, கொலராடோவுல 2024 நவம்பர்ல இதே மாதிரி தடை வேணுமான்னு ஓட்டுக்கு விட்டாங்க, ஜனங்க வேணாம்னுட்டாங்க.

பாவமா இருந்துச்சான்னா, இருந்துச்சு. ஒரு தடவை கூட வந்தவர் சுட்டதைக் கையில வாங்கிப் பாத்தேன், சூடு கூட ஆறல, பாதத்தை அமுக்குனா நம்ம வீட்டுப் பூனைக்கு வர்ற மாதிரியே நகம் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறமும் நான் கூடப் போனேன், பொய் சொல்ல மாட்டேன், அந்த உக்காந்து காத்திருக்குற நேரம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா அன்னையில இருந்து பூனை தெரிஞ்சா நான் மொதல்ல சொல்றது இல்ல. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பூனை அப்படித் தப்பிச்சுப் போயிருக்கு. இப்போ இதைப் படிச்சா அந்த மனுஷன் சண்டைக்கு வருவாரு, நல்லவேளை அவருக்குத் தமிழ் தெரியாது.

கேள்வி: மாமா, நான் ஆறாம் வகுப்பு. எங்க வீட்டுப் பூனையை வச்சு நீங்க சொன்னதைப் பாக்க முடியுமா? (பள்ளத்தூர்)

பதில்: தாராளமா. ஆத்தாகிட்ட கேட்டு ஒரு கோழி இறகு வாங்கிக்க, தையல் நூலுல கட்டு. வளவுல பெரிய தூணு இருக்கும்ல, அதுக்குப் பின்னாடி நீ உக்காந்துக்க, இறகு தூணுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளிக் கெடக்கட்டும். கீச்சு கீச்சுன்னு வாயாலயே சின்னதா சத்தம் குடு, இறகை லேசா, ரொம்ப லேசா இழு, வேகமா இழுத்தா வேலைக்காகாது. பூனை முற்றத்துக்கு நடுவால நேரா வராது பாரு, செவுத்து ஓரமா, தூணு தூணா ஒளிஞ்சு சுத்தித்தான் வரும், நடுவுல ரெண்டு எடத்துல உக்காரும். சத்தத்தை நிறுத்துனா என்ன செய்யுதுன்னும் பாத்துக்க. ஐயா மதியம் தூங்குற நேரமாப் பாத்துச் செய், இல்லைன்னா உனக்குத்தான் ஏச்சு விழும். பூனை வந்து இறகுல கை வைக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கடிகாரம் பாத்து எழுதிப் போடு, அடுத்த மாசம் உண்ணிக்கு முன்னாடி உன் கணக்கைத்தான் போடுவேன்.